சாயத்தொட்டியும் தண்ணீர்க் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

சிறு சாயப்பட்டறை, சலவைப் பட்டறை, பிரிண்டிங் பட்டறை நடத்துபவர்கள் தண்ணீர் பற்றிக் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். கணக்குகளில் நாங்கள் போட்டிருக்கும் கிலோவையும் லிட்டரையும் எடுத்துவிட்டு உங்கள் பட்டறை அளவைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: போர்வை நூலுக்குச் சாயம் போடுகிறோம். சிட்டமாக (சுற்றிக் கட்டிய நூல் கட்டாக) கையால் தொட்டியில் போடுவதுதான். ஒரு நாளைக்கு 40 கிலோ நூல். 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் இரண்டு நாளைக்குப் போதவில்லை. எங்கே போகிறது என்றே தெரியவில்லை. – சென்னிமலை வாசகர்

பதில்: முதலில் தொட்டியைக் கணக்கெடுங்கள். 40 கிலோ நூலுக்கு 800 லிட்டர் பிடித்தால் அது 1:20, அதாவது கிலோவுக்கு 20 லிட்டர். வடித்த பிறகும் ஈர நூல் தன் எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதாவது 120 லிட்டர். அதனால் முதல் நிரப்புக்குத்தான் 800. அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 680 போதும். ஒரு லாட்டுக்கு (ஒரு தடவை சேர்த்துச் சாயம் போடும் சரக்குக்கு) ஏழு முறை நிரப்புகிறீர்கள் என்றால் 800-உம் ஆறு 680-உம் சேர்ந்து 4,880 லிட்டர். நீங்கள் செலவழிப்பது நாளுக்கு 6,000-க்கு மேல். இடையில் காணாமல் போகும் ஆயிரத்துச் சொச்சம் லிட்டரைத்தான் தேட வேண்டும்.

பெரும்பாலும் அது ஓஸ் குழாயில் போகும். 20 லிட்டர் வாளியை ஓஸுக்கு அடியில் வைத்து, செல்போனில் நேரம் பாருங்கள். 40 வினாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 30 லிட்டர். தரை கழுவவும், கை கால் அலசவும், தொட்டி தேய்க்கவும் திறந்துவிட்ட ஓஸ் நாள் முழுக்கச் சேர்த்து 40 நிமிடம் ஓடினாலே 1,200 லிட்டர் போய்விடும். ஓஸ் முனையில் விசையை அழுத்தினால் மட்டும் நீர் வரும் துப்பாக்கி மாட்டுங்கள். மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வு அடைகிறதா என்று ராத்திரி ஒரு முறை பாருங்கள். பட்டறை பூட்டியிருக்கும்போது வழிகிற தண்ணீர் யார் கண்ணிலும் படுவதில்லை.

சாயத்தொட்டியின் உள்சுவரில் அழியாத பெயின்ட்டில் கோடு போட்டுவிடுங்கள். அடிப்பரப்பு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்றால் ஒவ்வொரு 10 செ.மீ. உயரமும் 100 லிட்டர். கோடில்லாத தொட்டியில் தண்ணீர் பிடிப்பவர் நூல் மூழ்கியபின்னும் 'இன்னும் கொஞ்சம்' என்றுதான் விடுவார். நூலைப் புரட்டத் தாராளமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். அந்தக் கொஞ்சத்துக்கும் சேர்த்துத்தான் உப்பு, சோடா, விறகு எல்லாம் செலவாகிறது.

உள்ளே வரும் குழாயில் ஒரு 25 மி.மீ. மீட்டர் போட்டு, லாட் எண், கிலோ, ஷேடு, எத்தனை நிரப்பு, மீட்டர் அளவு என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். ஒரு மாதம் எழுதினால் எந்த ஷேடு தண்ணீர் குடிக்கிறது என்று நோட்டே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: 50 கிலோ பிடிக்கும் சிறிய வின்ச் (துணியை உருளையால் சுற்றிவிட்டுச் சாயம் போடும் மிஷின்) வைத்து சாம்பிள் லாட் போடுகிறோம். ரியாக்டிவ் சாயம். சாயம் முடிந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு, வழிய வழிய ஓடவிட்டு, தெளிவாகும் வரை கழுவுவதுதான் வழக்கம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அப்படியும் சில லாட்டில் சாயம் போகிறது என்று துணி திரும்பி வருகிறது. – திருப்பூர் வாசகர்

பதில்: வழியவிடுவதை நிறுத்துங்கள். வடித்து, நிரப்பி, ஓட்டி, மறுபடி வடியுங்கள்.

காரணம் கணக்கில் இருக்கிறது. உங்கள் வின்ச் 1,000 லிட்டர் என்று கொள்வோம். சாயக்குளியலில் லிட்டருக்கு 60 கிராம் உப்பு. முழுதாக வடித்தால் துணியில் 150 லிட்டர் தங்கும். அதோடு 9 கிலோ உப்பும் தங்கும். புதிதாக 850 லிட்டர் விட்டு 10 நிமிடம் ஓட்டினால் லிட்டருக்கு 9 கிராம். வடித்து இரண்டாவது நிரப்பு: 1.35 கிராம். மூன்றாவது: 0.2 கிராம். மூன்று நிரப்புக்குச் செலவு 2,550 லிட்டர்.

இதே நிலைக்கு வழியவிட்டு வர 5,700 லிட்டர் வேண்டும். புதிதாக உள்ளே போகும் தண்ணீரில் ஒரு பங்கு, அழுக்கை எடுக்காமலே மேலாக வழிந்துவிடுகிறது. நேரம் ஆக ஆக, கழிவது பெரும்பாலும் நல்ல தண்ணீராகவே இருக்கிறது. நிமிடத்துக்கு 40 லிட்டர் ஓடினால் 5,700 லிட்டருக்கு 142 நிமிடம். நீங்கள் சொல்லும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்பது இதுதான்.

சாயம் போவதற்குக் காரணம் தண்ணீர் போதாமை அன்று, வரிசை. துணியில் ஒட்டாமல் நிற்கும் செத்த சாயத்தை எடுப்பது சோப்புக் கொதியல்தான், குளிர்ந்த நீர் அல்ல. ஆனால் குளியலில் உப்பு இருக்கும்வரை அந்தச் செத்த சாயம் நூலை விட்டு வராது. உப்பு அதைத் துணியின் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். எனவே முதலில் உப்பு இறங்க வேண்டும், பிறகுதான் சோப்பு. லிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே வந்தபின் சோப்புக்குப் போங்கள். மேலே சொன்ன கணக்கில் அது இரண்டாவது நிரப்பிலேயே வந்துவிடுகிறது. கையடக்க டி.டி.எஸ். மீட்டரை (நீரில் கரைந்த உப்புகளை லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டும் கருவி) நனைத்துப் பாருங்கள். உங்கள் போர் தண்ணீர் 800 காட்டும் என்றால், கழுவும் நீர் 2,500 சுற்றி வந்ததும் சரி. கண்ணுக்கு நிறம் தெரிகிறதே என்று தயங்க வேண்டாம். அந்த நிறம் சோப்பில் போகும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: குளிர் நிரப்பு இரண்டு, அசிடிக் அமிலம் விட்டு பி.எச். 6.5–7-க்குக் கொண்டுவரும் நிரப்பு ஒன்று. அதிலேயே சூடேற்றி 60 டிகிரியில் 10 நிமிடம். வடித்து, சோப்பு 90–95 டிகிரியில் 15–20 நிமிடம். 70 டிகிரியில் ஒரு வெந்நீர். கடைசியாகக் குளிர் நீர். சோடா இருக்கும்போதே கொதிக்கவைப்பது பலர் செய்யும் தவறு. காரமும் சூடும் சேர்ந்தால், துணியோடு பிணைந்த நல்ல சாயமே பிணைப்பு விட்டு வந்துவிடும். அப்புறம் எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும். 'இந்தச் சாயம் சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் பல லாட்டுகளில் கோளாறு அமிலம் விடாததில்தான்.

கடைசி இரண்டு நிரப்புகளின் தண்ணீரை வீணாக்காதீர்கள். தனியாக 1,000 லிட்டர் தொட்டியில் பிடித்து, அடுத்த லாட்டின் முதல் குளிர் நிரப்புக்கு விடுங்கள். கறுப்பு, நேவி, மெரூன் லாட்டின் நீரை வெளிர் ஷேடுக்கு விடக்கூடாது. அதை அடுத்த கறுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். நாள் கணக்கில் தேக்கினால் நாறும். மறுநாளே செலவாகும் அளவுக்கு மட்டும் பிடியுங்கள்.

கேள்வி: உப்பைக் குறைத்தால் ஷேடு ஏறாது என்கிறார் எங்கள் மாஸ்டர். உப்பைப் போட்டால் கழிவுநீரில் உப்பு என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் என்ன செய்வது? – ஈரோடு வாசகர்

பதில்: உங்கள் மாஸ்டர் சொல்வது சரி. உப்பில்லாமல் சாதாரண ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏறாது. ஆனால் உப்பு லிட்டருக்கு இத்தனை கிராம் என்றுதான் கணக்கு. கிலோ துணிக்கு இத்தனை என்று இல்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் வழி கிடைத்துவிடும்.

100 கிலோ துணி, 1:20 என்றால் 2,000 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் வீதம் 120 கிலோ உப்பு. அதே 100 கிலோவை 1:8-இல் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ மிஷினில் போட்டால் 800 லிட்டர், 48 கிலோ உப்பு. ஷேடு அதேதான், சொல்லப்போனால் தண்ணீர் குறைந்தால் சாயம் இன்னும் நன்றாக ஏறும், சாயமும் கொஞ்சம் மிச்சம். புது மிஷின் வாங்க எல்லோராலும் முடியாது என்பது தெரிந்ததே. கைத்தொட்டி வைத்திருப்பவர்கள்கூட அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டிய தொட்டி கட்டி 1:20-ஐ 1:14 அளவுக்குக் கொண்டுவரலாம். அதற்கும் கீழே போனால் சிட்டம் நெருக்கிக்கொண்டு திட்டுத்திட்டாக ஏறும்.

இரண்டாவது, கைக்கணக்கு. வெளிர் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் ஒரே மூட்டை உப்பைக் கொட்டுவது பல பட்டறைகளில் நடக்கிறது. அரை சதவீத ஷேடுக்கு (துணி எடையில் அரை சதவீதம் சாயம்) லிட்டருக்கு 20–30 கிராம் போதும். 2 சதவீதத்துக்கு 50–60. 4 சதவீதத்துக்கு மேல்தான் 70–80. சாயக் கம்பெனி கொடுக்கும் அட்டையில் ஒவ்வொரு வகைக்கும் அட்டவணை இருக்கும். அதைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் ஒரு தராசு வையுங்கள்.

மூன்றாவது, உப்பு எங்கே இருக்கிறது என்பது. முந்தைய பதிலில் சொன்ன 50 கிலோ வின்ச்சையே எடுங்கள். போட்டது 60 கிலோ உப்பு. சாயக்குளியலை வடிக்கும்போது வெளியேறும் 850 லிட்டரில் 51 கிலோ போகிறது. முதல் கழுவலின் 850 லிட்டரில் 7.6 கிலோ. இரண்டும் சேர்ந்து 58.6 கிலோ, கிட்டத்தட்ட 98 சதவீதம். அதற்குப் பிறகு வரும் எல்லா நிரப்புகளிலும் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. ஆனால் பெரும்பாலான பட்டறைகளில் எல்லாம் ஒரே சாக்கடையில், ஒரே குழிக்குப் போகிறது. 1,700 லிட்டர் உப்புநீரை நான்கைந்தாயிரம் லிட்டர் நல்ல நீரில் கலந்து, மொத்தத்தையும் கெட்ட நீராக்கிவிட்டு, பிறகு அதைப் பிரிக்க ஆர்.ஓ. போடுகிறோம்.

செலவு குறைந்த வேலை இதுதான்: வின்ச்சின் வடிகுழாயில் ஒரு டி இணைப்பும் இரண்டு பந்து வால்வும் போடுங்கள். சாயக்குளியலும் முதல் கழுவலும் ஒரு தொட்டிக்கு. மற்றவை வேறு தொட்டிக்கு. உப்புநீர் வால்வுக்கும் தொட்டிக்கும் சிவப்பு, மற்றதற்குப் பச்சை பெயின்ட் அடித்துவிடுங்கள். ராத்திரி ஷிப்ட்காரர் மாற்றித் திறந்தால் எல்லாம் பழைய கதைதான். ஹைட்ரோவில் (சுழற்றிப் பிழியும் மிஷின்) பிழிகிறீர்கள் என்றால், சாயம் முடிந்த உடனே பிழியும் நீரும் சிவப்புத் தொட்டிக்கே போக வேண்டும். பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பினாலும், சொந்த ஆர்.ஓ. வைத்திருந்தாலும், இந்தப் பிரிவினை இருந்தால்தான் கழுவல் நீரை எளிதாக மீட்க முடியும். உப்பு செறிந்த நீரைப் படிகமாக்கவோ, சுத்தம் செய்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தவோ முடியும். சோடியம் சல்பேட் போடும் பட்டறைகளுக்கு இது இன்னும் வசதி. அதைக் குளிரவைத்தே படிகமாகப் பிரிக்கலாம்.

சாயக்குளியலில் லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் டி.டி.எஸ். 60,000. கடல்நீரே 35,000 சுற்றித்தான். நொய்யலில் போன உப்பு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையின் தண்ணீரைப் பயிருக்கு விடமுடியாமல் போனதும், விவசாயிகள் வழக்குப் போட்டதும், சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்த உப்பினால்தான். நிறத்தை எடுக்க நூறு வழி இருந்தது. உப்பை எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

துணியை விரித்தே போடும் தறித்துணிக்காரர்கள் கோல்டு பேட் பேட்ச் முறையையும் யோசிக்கலாம். சாயத்தையும் காரத்தையும் பேடரில் (இரண்டு உருளைக்கு நடுவே துணியைப் பிழியும் மிஷின்) பிழிந்து ஏற்றி, உருளையில் சுற்றி, பாலித்தீன் மூடி, 8 முதல் 16 மணி நேரம் மெதுவாகச் சுழலவிட்டுக் கழுவுவது. உப்பே வேண்டாம். சிட்டத்துக்கு இது உதவாது.

கேள்வி: கழிவுநீர் டி.டி.எஸ். 10,000 வருகிறது. போர் தண்ணீர் கலந்து, வெளியே விடுவதற்கான வரம்பான 2,100-க்குக் கொண்டுவந்து விட்டால் என்ன? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: போர் தண்ணீர் 1,000 டி.டி.எஸ். என்றால், ஒவ்வொரு 1,000 லிட்டர் கழிவுக்கும் 7,200 லிட்டர் போர் தண்ணீர் கலக்க வேண்டும். முன்பு 10 கிலோ உப்பு போன இடத்தில் இப்போது போரின் உப்பும் சேர்ந்து 17 கிலோ போகும். நிலத்தடி நீரும் போயிற்று. கலந்து நீர்க்கவைப்பதை விதியும் ஏற்பதில்லை. துளி கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையில் இயங்கும் பட்டறைக்கு 2,100 என்ற எண்ணுக்கே வேலை இல்லை.

கேள்வி: பெராக்சைடு சலவைக்குப் பிறகு மூன்று வெந்நீர் கழுவல் செய்கிறோம். அப்படியும் சில சமயம் ஷேடு வெளுத்துத் திட்டாக வருகிறது. – திருப்பூர் வாசகி

பதில்: துணியில் மிஞ்சிய பெராக்சைடு ரியாக்டிவ் சாயத்தைத் தின்கிறது. தண்ணீரால் கழுவியே அதை வெளியேற்றப் பார்ப்பதுதான் விலை கூடிய வழி. சலவைக் குளியலை வடித்து, ஒரே நிரப்பில் அசிடிக் அமிலம் விட்டு பி.எச். 6.5–7 ஆக்குங்கள். 40–50 டிகிரியில் கேட்டலேஸ் என்சைம் விட்டு 15–20 நிமிடம் ஓட்டுங்கள். என்சைம் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். பெராக்சைடு சோதனைத் தாளை நனைத்துப் பாருங்கள். நீலம் ஏறாவிட்டால் அதே தண்ணீரிலேயே சாயத்தைத் தொடங்கலாம். இரண்டு மூன்று நிரப்பு மிச்சம், சூடேற்றும் செலவும் மிச்சம்.

கெடுவது எங்கே என்றால், அமிலம் விடுவதற்கு முன்பே என்சைமை ஊற்றுவது. காரத்திலும் 60 டிகிரிக்கு மேலும் என்சைம் செத்துவிடும். கேனை வெயிலில் வைத்திருந்தாலும் அதே கதி. தாளில் பார்க்காமல் 'என்சைம் போட்டாச்சு' என்று சாயத்தை விட்டால் திட்டு வராமல் இருக்காது.

கேள்வி: போர் தண்ணீர் மிகவும் கடினம். சாஃப்டனர் வைத்திருக்கிறோம். ஆனாலும் துணியில் வெள்ளை படிகிறது, உப்பு மூட்டை மூட்டையாகப் போகிறது. – கரூர் வாசகர்

பதில்: முதலில் ஒன்று: சாஃப்டனர் கடினத்தன்மையைத்தான் எடுக்கும், கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். டி.டி.எஸ். அப்படியே இருக்கும். சாஃப்டனர் போட்டும் டி.டி.எஸ். மீட்டர் இறங்கவில்லையே என்று ரெசினை (சாஃப்டனருக்குள் கடினத்தன்மையைப் பிடிக்கும் மணிகள்) மாற்றியவர்கள் உண்டு.

கணக்கு இது. ஒரு லிட்டர் ரெசின் ஒரு சுற்றுக்கு சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 100 லிட்டர் ரெசின் என்றால் 5,000 கிராம். உங்கள் நீரில் லிட்டருக்கு 400 மி.கி. இருந்தால் 12,500 லிட்டருக்கு ஒருமுறை உப்புநீர் விட்டு ரெசினை மீட்க வேண்டும். அதற்கு 12–15 கிலோ உப்பு. நாளும் காலையில் ஒருமுறை என்று கடிகாரம் பார்த்து மீட்பதுதான் தவறு. 6,000 லிட்டரே ஓடிய நாளில் உப்பு வீண். 18,000 லிட்டர் ஓடிய நாளில் கடைசி 5,500 லிட்டர் கடின நீராகவே தொட்டிக்கு வந்து, துணியில் உள்ள சோடாவோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும். உங்கள் வெள்ளைக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். வெளியேறும் குழாயில் மீட்டர் வைத்து, லிட்டர் பார்த்து மீட்டெடுங்கள். மீட்பு நாள் நெருங்கும்போது கடினத்தன்மைச் சோதனைச் சொட்டு மருந்தால் பாருங்கள்: நல்ல நீர் உடனே நீலமாக நிற்கும், ஒயின் சிவப்பு தெரிந்தால் ரெசின் நிரம்பிவிட்டது.

உப்புநீர் 10 சதவீதமாக இருக்கட்டும். அரைமணி நேரம் மெதுவாக ரெசினுக்குள் போகட்டும். அவசரமாக விட்டால் பாதி உப்பு வேலை செய்யாமலே சாக்கடைக்குப் போகும். போரில் இரும்பு இருந்தால் ரெசின் பழுப்பேறி மந்தமாகும். முன்னால் ஒரு இரும்பு நீக்கி வேண்டும். மீட்கும்போது வரும் உப்புநீரும் சிவப்புத் தொட்டிக்கே.

மழைநீரை மறக்க வேண்டாம். அது இயல்பாகவே மென்னீர். 200 சதுர மீட்டர் தகரக் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால், சிதறல் போக 4,000 லிட்டர் கிடைக்கும். முதல் சில நிமிட மழையை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பிடியுங்கள். வெளிர் ஷேடு, சலவை, பாய்லர் மூன்றுக்கும் அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது.

கேள்வி: எங்கள் கழிவுநீருக்குப் படிகாரமும் சுண்ணாம்பும் போடுகிறோம். சில நாள் தெளிகிறது, சில நாள் தெளியவே இல்லை. – பவானி வாசகர்

பதில்: அளவை நாள்தோறும் ஒரே மாதிரி வைத்திருக்கிறீர்கள், கழிவு நாள்தோறும் ஒரே மாதிரி இல்லை. பாட்டில் சோதனை செய்யுங்கள். 100 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நல்ல நீரில் கரைத்தால், அதில் ஒவ்வொரு மில்லியும் 100 மில்லிகிராம். ஒரே மாதிரி ஆறு கண்ணாடிப் பாத்திரங்களில் தலா ஒரு லிட்டர் கழிவுநீர் ஊற்றி, 2, 4, 6, 8, 10, 12 மில்லி விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாக, பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரைமணி நேரம் வையுங்கள். எதில் குறைந்த மருந்தில் தெளிவு வருகிறதோ அதுதான் அன்றைய அளவு. கலக்கிய பிறகு பி.எச். தாள் 6 முதல் 7.5-க்குள் காட்ட வேண்டும். சுண்ணாம்பைக் கொட்டி 10-க்கு ஏற்றிவிட்டால் படிகாரம் மறுபடி கரைந்துவிடும். தெளியாத நாட்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான். இரும்பு சல்பேட் போடுபவர்களுக்கு எதிர்மாறு: அதற்குச் சுண்ணாம்போடு பி.எச். 9-க்கு மேல் இருக்க வேண்டும்.

தெளிந்த நீரைப் பார்த்து ஏமாறாதீர்கள். நிறம் போயிருக்கும்; உப்பு ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது, போட்ட மருந்தால் கூடியே இருக்கும். ரியாக்டிவ் சாயம் நன்றாகக் கரைவது என்பதால் படிகாரத்துக்கு முழுதாகப் பிடிபடவும் செய்யாது. அடியில் நிற்கும் சேறு அபாயக் கழிவுக் கணக்கில் வரும்; வாய்க்கால் ஓரத்தில் கொட்டக்கூடாது. ஈரத்தைப் பிழிந்து, கூரைக்கு அடியில் மூட்டையாக அடுக்கி, அனுமதி பெற்ற கிடங்குக்குத்தான் போக வேண்டும். நிறத்தை எடுக்க ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) ஊற்றுவதும் சிலர் வழக்கம். கண்ணுக்கு நிறம் மறையும். குளோரின் சேர்ந்த கெடுதலான பொருள்கள் மிஞ்சும், ஆர்.ஓ. மெம்பரேன் கெடும்.

கேள்வி: ஒரு நாளைக்கு 1,000 லிட்டர் உப்புக் கழிவு மிஞ்சுகிறது. சோலார் பான் கட்டி ஆவியாக்கிவிடலாமா? எத்தனை சென்ட் வேண்டும்? – நாமக்கல் மாவட்ட வாசகர்

பதில்: எல்லோரும் செய்யும் கணக்கு: உப்புநீர் நல்ல நீரைவிட மெதுவாக ஆவியாகும், நாளுக்கு 3.5 மி.மீ. என்று வைத்தால் 1,000 லிட்டருக்கு 285 சதுர மீட்டர், அதாவது 7 சென்ட். இந்தக் கணக்கில் கட்டிய பான்கள்தான் ஐப்பசியில் வழிகின்றன, மழையைச் சேர்க்காததால்.

ஆண்டுக்கு 600 மி.மீ. மழை என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 600 லிட்டர் விழுகிறது. ஆவியாவது 1,277 லிட்டர். மிஞ்சுவது 677 லிட்டர்தான் உங்கள் கழிவுக்கு. 300 வேலை நாளுக்கு 3 லட்சம் லிட்டர். 677-ஆல் வகுத்தால் 443 சதுர மீட்டர், 11 சென்ட். மழை மாதங்களில் ஆவியாவதும் குறையும் என்பதால் இரண்டு மாதக் கழிவைத் தாங்க தனித் தொட்டியும் வேண்டும். தரையில் தடித்த எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கடியில் களிமண், கசிவு பார்க்க ஓரத்தில் ஒரு கிணற்றுக் குழாய். அடியில் சேரும் உப்பு சாயம் கலந்தது. யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது.

11 சென்ட் விலையோடு ஒப்பிட்டால், ஈரோடு வாசகருக்குச் சொன்ன டி இணைப்பு, இரண்டு வால்வு, ஆழமான தொட்டி ஆகியவற்றின் விலை என்ன என்று பாருங்கள். முதலில் அந்த 1,000 லிட்டரை 500 ஆக்குங்கள், பிறகு பான் பற்றிப் பேசலாம்.

கேள்வி: பனியன் பிரிண்டிங் பட்டறை. ஸ்கிரீன் கழுவத்தான் தண்ணீர் போகிறது. சாக்கடை அடிக்கடி அடைக்கிறது. – திருப்பூர் வாசகர்

பதில்: அடைப்பது பைண்டர். பிக்மென்ட் பேஸ்ட்டில் நிறத்தைத் துணியோடு ஒட்டவைக்கும் இந்தப் பசை காய்ந்தால் ரப்பராகிவிடும்; குழாயில் மட்டுமல்ல, ஆர்.ஓ. மெம்பரேனிலும் அப்படித்தான் ஒட்டும். எனவே தண்ணீர் படுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஸ்கிரீனையும் ஸ்குவீஜியையும் பிளாஸ்டிக் வழிப்பானால் வழித்து, பேஸ்ட்டை அதே டப்பாவில் போட்டு மூடுங்கள். அடுத்த கறுப்பு லாட்டுக்குக் கலந்துகொள்ளலாம். பிறகு ஈரத்துணியால் ஒரு துடைப்பு. அதற்கப்புறம் 20 லிட்டர் தொட்டியில் ஒரு முக்கு. இந்த நீரை நாள் முழுக்கப் பயன்படுத்தலாம். கடைசியாகத்தான் விசைத் துப்பாக்கியால் பீய்ச்சல். ஸ்கிரீன் காயும் முன் செய்தால் பாதித் தண்ணீர் போதும். சாப்பாட்டு நேரத்தில் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனால் இரண்டு மடங்கு ஆகும்.

பிளாஸ்டிசால் மை தண்ணீரில் கரையாது. அதைக் கரைப்பான் தொட்ட துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனி டின்னில் போடுங்கள். ஒருபோதும் கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: இயற்கைச் சாயம் போட்டால் கழிவுப் பிரச்சினையே இல்லைதானே? – மதுரை வாசகி

பதில்: இருக்கிறது, குறைவு. படிகாரம் துணி எடையில் 10–15 சதவீதம் போடுகிறோம். அதில் ஒரு பங்குதான் துணிக்குப் போகிறது. எனவே படிகாரக் குளியலைக் கொட்டாமல், பாதி அளவு மருந்து சேர்த்து இன்னும் இரண்டு மூன்று லாட்டுக்குப் பயன்படுத்துங்கள். கடுக்காய்க் குளியலும் அப்படியே. மயில்துத்தமும் டைக்ரோமேட்டும் (செம்பு, குரோமிய உப்புகள்) போட்டு ஷேடை மாற்றினால் அதை இயற்கைச் சாயம் என்று சொல்லிப் பயனில்லை.

கேள்வி: வீட்டுக் கொல்லையில் மூன்று தொட்டி போட்டு நூல் சாயம் தொடங்க நினைக்கிறேன். சிறியதுதானே, அனுமதி வேண்டுமா? – சேலம் மாவட்ட வாசகி

பதில்: வேண்டும். சாயம் போடும் தொழில், மாசு அதிகமுள்ள தொழில்களுக்கான சிவப்புப் பட்டியலில் வருவது. மூன்று தொட்டி என்பதால் விலக்கு இல்லை. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி, கட்டுவதற்கு முன் ஒரு இசைவாணை, ஓட்டுவதற்கு முன் ஒரு இசைவாணை என இரண்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் வாங்க வேண்டும். அதற்கு முன்பே இடத்தைப் பாருங்கள்: ஆற்றிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் சாயப்பட்டறை கூடாது என்று 1989-இலும் 1998-இலும் அரசாணைகள் வந்திருக்கின்றன. காவிரியும் அதன் கிளைகளும் அதில் அடக்கம். கொல்லை அதற்குள் வந்தால் மேலே யோசிக்கவே வேண்டாம்.

இந்த அளவுக்கு நாங்கள் சொல்வது, நூலை வாங்கி, அனுமதியும் சுத்திகரிப்பு இணைப்பும் உள்ள பட்டறையில் கூலிக்குச் சாயம் போட்டு வாங்குங்கள். ஷேடு அட்டை, கிலோ, சாயம் நிற்கும் தரம் மூன்றையும் ஜாப் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு சிட்டத்தைத் தனியே எடுத்து, வெள்ளைத் துணியோடு முடிந்து, சோப்பு நீரில் 60 டிகிரியில் அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால், மொத்த நூலும் தறிக்குப் போகும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடலாம்.